எங்கள் லயத்து ஓட்டுகள்

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லார் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். பெயர் வேறு, விலாசம் ஒன்று. இது ஒரு குற்றமாகும் என்று நான் நினைத்ததேயில்லை.

தலவாக்கலை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். எவரும் எழுதிப் போடக்கூடிய ஒரு பிளாக்செயின் தளத்தை லயத்துக்குள் கொண்டுவந்தவன் நான்தான். அதில் ஏற்றிய எழுத்தை எவரும் அழிக்க முடியாது. எது நல்லது என்பதை வாசிப்பவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். ஓட்டு விழுந்தால் பதிவு மேலே வரும், தளத்தின் பொதுக்காசிலிருந்து கொஞ்சம் பணமும் சேரும். எதிரோட்டு விழுந்தால் மங்கி மறைந்துவிடும். அந்தத் தளத்து நாணயத்தை நிறைய வைத்திருப்பவரின் ஓட்டுக்கு எடை அதிகம். அதையும் நியாயம் என்றுதான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

லயத்தில் ஒரு வீடு என்பது ஒரு காம்பரா, ஒற்றை அறை; காம்பராவுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். எல்லாருக்கும் அதே ஆபீசு விலாசம், என் வைபைதான். எல்லாருடைய முகப்படமும் கோயிலடி நீலச் சுவரில் சாய்ந்து எடுத்தது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டிச் செத்துப்போனார். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் உட்கார்ந்து போனிலேயே எல்லாவற்றையும் எழுதினார். குளவி கொட்டிய அன்று காலை ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் புருஷன் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடினாராம். அந்தப் பாதி ரொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா மூடியே வைத்திருந்தாராம். பேப்பரில் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள், தெரியாத ஆள் யாராவது முழுசாகப் படிக்க வேண்டும் என்றார். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

லயத்தில் எல்லாரும் உடனே ஓட்டுப் போட்டார்கள். பாதிப் பேர் படிக்கவேயில்லை. துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா, அந்த மாதிரிதான் போட்டார்கள்.

தளத்தில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கவென்று ஒரு குழு இருக்கிறது. எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். ஒருவனே பல பெயரில் கணக்கு வைத்து, தனக்குத்தானே ஓட்டுப் போட்டுப் பொதுக்காசைச் சுருட்டுவது அங்கே அன்றாடம் நடப்பது. அவர்கள் கண்ணுக்கு எங்கள் லயம் முழுவதும் ஒரே ஆள். ஒரே விலாசம், ஒரே வைபை, ஒரே சுவர். கனமான எதிரோட்டு ஒன்று விழுந்தது. அக்காவின் பதிவு மறைந்துபோனது. அழியவில்லை, யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

லயம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நீளமாக எழுதினேன். படமும் அனுப்பினேன். மரியாதையாகவே பதில் போட்டார்கள். உங்களை நம்புகிறோம், ஆனாலும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் போட்ட ஓட்டை ஏற்க முடியாது, அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பதிவை விடுவிக்கிறோம் என்றார்கள். கோபப்பட வேண்டிய இடம். எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் குழுவில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று மட்டும் தோன்றியது.

அக்காவிடம் சொன்னேன். நாலு பேர் படித்தால் போதும், எடுக்கச் சொல் என்றார். காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். கடைசியாக நானும் எடுத்தேன்.

பதிவு பழையபடி தெளிவாக வந்தது. கொழுந்துக் கறை பிடித்த விரலால் அக்கா திரையைத் தள்ளிக்கொண்டே கீழே போனார். ஓட்டு இருந்த இடத்தில் பூஜ்யம். அதற்கடியில், ஓட்டைத் திரும்ப எடுத்தவர்களின் பெயர்கள். அதையும் இனி எவரும் அழிக்க முடியாது.

"நீயும் எடுத்துட்டியா தம்பி?"

"எல்லாரும் எடுத்தாத்தான் விடுவோம்னு சொன்னாங்கக்கா."

வெளியாள் யாராவது வந்திருக்கிறாரா என்று இன்னொரு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். யாரும் வந்திருக்கவில்லை.

"சரிதான். சாவு வீட்டுல யாரும் சொல்லிக்கிட்டுப் போறதில்லையே," என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.