பதினோரு பலகையும் ஒரு பெரிய பிடிலும்

கம்பத்து டீச்சரம்மா ஞானப்பூவின் பாட்டுக் கோஷ்டி ஓர் ஊருக்குப் போகிறதென்றால் முதலில் ஒரு மாட்டுவண்டி போகும். அதில் ஆள் இருக்காது. பதினோரு பழைய கடைப் பலகைகள் இருக்கும். பின்னால் வரும் வண்டியில்தான் ஞானப்பூவும் அவளுடைய பெரிய பிடிலும். செல்லோ என்று அதற்குப் பேர். கடைவீதியில் யார் அந்தப் பேரைச் சொன்னார்கள்? "பிடிலுக்கு அப்பன்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். யுத்தத்துக்கென்று போடி ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபோதுகூட அந்த வண்டிகள் நிற்கவில்லை. தேனி, போடி, மதுரை என்று பதினாறு வருஷம் ஓடின. போன இடமெல்லாம் முப்பத்திரண்டு பெண்களை ஒரே மூச்சாகப் பாட வைத்தாள் ஞானப்பூ, தானும் வாசித்துக்கொண்டே. பாட்டை நடத்துகிறவள் கையை ஒருதரம்கூட மேலே தூக்கவில்லை என்றால் நம்புவீர்களா? அவள் புருஷன் பொன்னுராஜே நம்பவில்லை.

பொன்னுராஜுக்குக் கம்பம் கடைவீதியில் ஜவுளிக்கடை. நல்ல மனுஷன்தான். ஆனால் இருந்த இரண்டு காதையும் ஊர்ப் பேச்சுக்கே கொடுத்துவிட்டான், பாட்டுக்கு மிச்சமில்லை. வேதக்கோவிலில் என்ன பாடினாலும் அவனுக்கு ஒரே பாட்டு. அவன் பெருமையெல்லாம் மதுரையில் வாங்கிய பூட்ஸ்தான். சபையார் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைவார்கள், கோவில் கமிட்டிக்காரர்கள் மட்டும் பூட்ஸ் காலோடு வந்து முன்பெஞ்சில் உட்காருவார்கள். முப்பது வயதுக்குள் அந்தப் பெஞ்சைப் பிடித்தவன் அவன்.

ஞானப்பூ செல்லோ படித்தது மதுரையில், மிஷன் பள்ளிக்கூடத்திலும் பிறகு ஆசிரியப் பயிற்சியிலும். ஆறு வருஷம் அதுவே கதியென்று கிடந்தாள். கல்யாணமாகிக் கம்பம் வந்தபோது பள்ளிக்கூடத்தார் அந்தக் கருவியை இரவலாகக் கொடுத்தனுப்பினார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. கம்பத்துச் சபையில் குரல் குரலாகப் பிரிந்து ஒழுங்காகப் பாட்டு எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் செல்லோப் பெட்டி மதுரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்து, செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லை இழுத்தாள். கமிட்டித் தலைவர் அய்யாத்துரைக்கு முகம் கோணிப் போயிற்று. ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே பொன்னுராஜைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா பொன்னுராசு, பொம்பளப்புள்ள இப்படிக் கால அகட்டி உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

பதில் மொக்கம்மாளிடமிருந்து வந்தது. அவள் காமயகவுண்டன்பட்டி நடவுக்காரி. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு. வைத்த பாதிரி ஐயருக்கே அது மறந்துவிட்டது.

"ஏன், திருகை முன்னால நாங்க எப்படி உக்காருறோமாம்? ரெண்டு காலையும் ரெண்டு பக்கமாப் போட்டுத்தான அரைக்கிறோம்? அந்தக் கேப்பையில கிண்டுன களிய மட்டும் உருட்டி உருட்டி முழுங்குறீக!"

அய்யாத்துரை குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார். அடுத்த வாரமே மொக்கம்மாள் தன் நடவுக் கூட்டத்தை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்திரண்டு தொண்டைகள்! ஒவ்வொன்றும் நாலு வயல் தாண்டிக் கேட்கும். ஞானப்பூ அவர்களை மூன்று குரலாகப் பிரித்தாள். நாலாவது குரல் செல்லோ.

அங்கேதான் வம்பே ஆரம்பித்தது. வயலில் பாட்டு என்றால் முதுகை வளைத்து, கண்ணை நாற்றிலும் சேற்றிலும் வைத்துப் பாடுவது. கோவிலுக்குள் நின்றாலும் அந்தத் தலைகள் குனிந்தேதான் இருந்தன. ஞானப்பூ செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்று கையைக் காட்டிப் பார்த்தாள். பார்க்க ஆளில்லை. உட்கார்ந்து வாசித்தாலோ காட்டுவதற்குக் கையில்லை.

"கொஞ்சம் நிமிந்து என் கையப் பாருங்கத்தா."

"நிமிந்தா பாட்டு தொண்டைய விட்டு வரமாட்டேங்குது டீச்சரம்மா" என்றாள் மொக்கம்மாள், உண்மையாகவே வருத்தப்பட்டு.

ஒரு குரல் முந்தும், ஒரு குரல் தூங்கும், மூன்றாவது குரல் சந்தைக்குப் போய்விடும். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அதற்குள் மதுரையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு பேர் வருகிறார்கள்; பாட்டைக் கேட்பார்கள்; பெட்டி இருப்பதா போவதா என்று கமிட்டி அன்றைக்கே முடிவு சொல்லிவிட வேண்டும். கமிட்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் இருக்கட்டும் என்றார்கள், அய்யாத்துரையும் இன்னொருவரும் போகட்டும் என்றார்கள். ஐந்தாவது ஆள் பொன்னுராஜ்.

போகட்டும் என்று சொல்லிவிடத்தான் அவன் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான். கடைவீதிக் கேலி அவனுக்குத் தாங்கவில்லை. ஞானப்பூவுக்கு அது தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது அவன் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதைவிட அவள் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோவில் ஓட்டில் மழை ஒழுகியது. ஒத்திகைக்கு இடமில்லாமல், ஜவுளிக்கடைக்கு மேலே துணிமூட்டை அடுக்கும் மர மச்சில் எல்லாரையும் ஏற்றினாள் ஞானப்பூ. செல்லோவின் அடியில் நீட்டியிருக்கும் இரும்புக் கம்பியை மச்சுப் பலகையில் ஊன்றி, கீழ்த்தந்தியில் வில்லை வைத்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். பதினோரு பேர், முதல் குரல், ஒன்றாக எழுந்தார்கள். ஒருத்தி முந்தவில்லை, ஒருத்தி பிந்தவில்லை. ஞானப்பூவின் வில் பாதியில் நின்றது. பாட்டும் அதே நொடியில் நின்றது.

மொக்கம்மாள் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி! காலுக்குள்ள கிர்ருங்குது டீச்சரம்மா. நீங்க இழுக்குறது காதுக்கு முன்னால காலுக்கு வந்துருது!"

ஞானப்பூ வில்லைப் பிடித்த கையோடு அழுதுவிட்டாள். ஒரு வருஷமாகக் கண்ணைத் தேடித் தேடி அலைந்தவள். சேற்றிலேயே நின்று பழகிய கால்கள் அவை. தரையில் நடப்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும், கோவிலின் கல்தரைதான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் புருஷனிடம் போய், "ஏங்க, நம்ம பழைய கடைப் பலகை பதினொண்ணும் எனக்கு வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"நிக்கிறதுக்கு."

கடைக்குப் புதுக் கதவு போட்டபின் சும்மா கிடந்த பலகைகள்தான். கடைசியாகக் கேட்கிறாள், கொடுத்துத் தொலைப்போம் என்று கொடுத்தான்.

பண்டிகையன்று கோவில் முழுக்கப் புது நெல் வாசம். வாழைத்தாரும் கரும்பும் தூணுக்குத் தூண் கட்டியிருந்தது. பீடத்துக்கு முன்னால் பதினோரு பலகைகளையும் செங்கல் மேல் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஞானப்பூ உட்கார, சுற்றிலும் முப்பத்திரண்டு குனிந்த தலைகள். நீள இழுப்பு என்றால் முதல் குரல், இரண்டு வெட்டு என்றால் இரண்டாவது, மெல்லிய நடுக்கம் என்றால் மூன்றாவது. பாட்டு எழுந்தது. மதுரைக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கை அசையவில்லை, ஒரு கண் நிமிரவில்லை, பாட்டு மட்டும் பிரிகிறது, சேர்கிறது, சொல்லி வைத்தாற்போல அடங்குகிறது.

பொன்னுராஜுக்கு வழக்கம்போல ஒன்றும் விளங்கவில்லை. கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு நெற்கட்டைப் பீடத்தில் வைக்க வேண்டும். அவன் முறை வந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு பலகையில் பூட்ஸ் காலை வைக்கப் போனான். மொக்கம்மாள் குனிந்த தலையோடு, பாட்டின் நடுவிலேயே, அந்தப் பூட்ஸைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். அவன் பயந்துபோய் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறினான்.

ஏறியவன் நின்றுவிட்டான்.

உள்ளங்காலில் என்னவோ ஊர்ந்தது. முழங்கால் ஏறி, விலா ஏறி, நெஞ்சுக்குழிக்கு வந்து தங்கியது. முப்பது வருஷம் காது கொடுக்காததை ஒரு பலகை கொடுத்தது. அவன் மனைவியின் கை இழுக்க, முப்பத்திரண்டு பேர் மூச்சு வாங்குவது அவன் காலடியில் தெரிந்தது. அம்மாடி, இவளா? தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருக்கிறவளா இவள்? கையிலிருந்த கட்டிலிருந்து நெல் சிந்தியது. சபை முழுக்கக் காத்திருந்தது.

"மொதலாளி, நகருங்க, பின்னால ஆளு நிக்கிறாக" என்று மொக்கம்மாள் கிசுகிசுத்தாள்.

மதியம் கமிட்டி கூடியது. இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் பொன்னுராஜைப் பார்த்தார்கள். அவன் வெறுங்காலோடு எழுந்தான்.

"பெட்டி போகாது. போயித்தான் ஆகணும்னா பலகை பதினொண்ணு, பொம்பளைக முப்பத்திரண்டு பேரு, அப்புறம் நான், எல்லாத்தையும் சேத்து வண்டியில ஏத்துங்க."

அய்யாத்துரை குடையைத் தேடினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஞானப்பூ நெடுநாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, பாட்டு பிடிச்சுதா?"

"பாட்டப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றான் பொன்னுராஜ். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான். "காலுதான் இன்னும் அடங்க மாட்டேங்குது."