குல்லாமலையிலிருந்து பழனி தெரியும்

பெஞ்சமின் அண்ணன் காலமானார் என்ற செய்தி எனக்கு வருவது இது மூன்றாவது தடவை. அதனால்தான், ஆரஞ்சுக் கூடை இறக்க வந்த பெரும்பாறை ஜீப் டிரைவர் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும், “எந்த மலையில?” என்று கேட்டுவிட்டேன்.

“மலையில இல்ல சார். மக வீட்டுல, கட்டில்ல. வெள்ளனே எந்திரிச்சு காப்பி கேட்டாராம். கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாரு.”

கட்டிலில் என்றதும் நம்பினேன். மலையில் என்றிருந்தால் சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்திருப்பேன். அவரோடு நடந்தவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

முதல் தடவை அவர் இறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். நான் மதுரையிலிருந்து கொடைக்கானல் பள்ளிக்கூடத்துக்குக் கிளார்க்காக வந்த புதிது. அவர் அங்கே ஸ்டோர்கீப்பர். விருந்தாளிகள் இரண்டு பேரை மேல்மலையில் போளூர்ப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனவர் ராத்திரி திரும்பவில்லை. தேடப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். மறுநாள் காலையில் ஜெபக்கூட்டத்தில் அவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானம் ஒரு லாரி வந்து நின்றது. பூண்டு மூட்டைகளின் மேல் அந்த இரண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்து வந்தார், ஊர்வலம் போகிறவர் மாதிரி. இரண்டாவது தடவை ஓடைக்கரையில் அவருடைய கம்பளித் தொப்பி மட்டும் கிடைத்தது. வீட்டில் பெண்கள் கூடி அழுதுகொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, தாமும் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். செத்தது தாம்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இதற்கெல்லாம் காரணம் குறுக்கு வழி. அண்ணனுக்கு ரோடு என்றால் ஆகாது. “ரோடு போட்டவனுக்குக் காசு கெடச்சுச்சு, சுத்திச் சுத்திப் போட்டான். நமக்கு என்ன வந்துச்சு?” என்பார். சொல்லிவிட்டு சீகைமரக் காட்டுக்குள் நுழைந்துவிடுவார். அரை மணியில் முடியவேண்டிய இறக்கம் பொழுது சாய்ந்தும் முடியாது. முள்ளில் கிழிந்த சட்டையோடு, அட்டை கடித்த காலோடு வெளியே வந்து பார்த்தால், புறப்பட்ட இடத்திலேயே நிற்போம். “வழி தப்பிட்டோமா அண்ணே?” என்று கேட்டால் கோபம் வரும். “தப்புறதுக்கு இது என்ன மெட்ராஸா? மலைதானே, எங்கயாச்சும் இறங்கித்தான ஆகணும்” என்பார்.

அப்படியும் சனிக்கிழமைதோறும் ஏன் அவர் பின்னால் போனோம் என்று கேட்பீர்கள். முட்டைக்காகத்தான். பெஞ்சமின் அண்ணன் பையில் வேகவைத்த முட்டையும், பன்னும், பெரும்பாறை ஆரஞ்சும், ஒரு பிளாஸ்க் டீயும் இருக்கும். ஸ்டோர்கீப்பர் ஸ்டோர்கீப்பர்தானே, உச்சியைத் தொடாமல் பையைத் திறக்கமாட்டார். குளிரில் வயிறு ஒட்டிப்போய்ப் பாதி வழியில் நான் கெஞ்சியிருக்கிறேன். மனிதர் இரங்கியதே இல்லை. எனக்கு நடப்பதே பிடிக்காது. பழனிமலைத் தொடரில் நான் ஏறிய ஒவ்வொரு உச்சியும் ஒரு முட்டைக்காக ஏறியது.

அவருக்குப் பிடித்த மலை குல்லாமலை. போளூர் போகிற பக்கம், புல்வெளி தாண்டி இருக்கிறது. தலையில் எப்போதும் மேகத்தை மாட்டிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். அதன் உச்சிப் பாறையிலிருந்து பழனிக் கோயில் தெரியும் என்பது அண்ணனின் வாதம். குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து பழனி தெரிவது ஊரறிந்த விஷயம். ஆனால் குல்லாமலைக்கும் பழனிக்கும் நடுவே பெரிய மேடு ஒன்று குறுக்கே கிடக்கிறது. அந்த மேட்டில் ஓர் இடுக்கு இருக்கிறதென்றும், அதன் வழியாகப் பார்த்தால் கோயில் தெரியுமென்றும் அவர் சொல்வார். எந்தச் சனிக்கிழமை ஏறினாலும் நாங்கள் கண்டது வெள்ளை மேகம். பக்கத்தில் நிற்கிறவர் முகமே தெரியாது, இதில் பழனி எங்கே தெரிய?

இதை ஒத்துக்கொள்ளாத ஆள் எங்களோடு ஒருவர் இருந்தார். டிராயிங் மாஸ்டர் முருகேசன். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பம்.

“அண்ணே, நான் பொறந்ததே அந்த மலைக்கு அடியில. அங்கேருந்து பாத்தா உங்க குல்லா தெரியல. இங்கேருந்து மட்டும் எப்படிங்க தெரியும்?”

“ஏலே முருகேசு, நீ கீழேருந்து பாத்த. கீழேருந்து பாத்தா கடைதான் தெரியும்.”

சிரித்துக்கொண்டேதான் சண்டை போட்டார்கள். ஆனால் ஒருநாள் டீ குடிக்கும்போது முருகேசன் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்துவிட்டார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன் தம்பி. கையை நீட்டிக் காட்டுனாரு, அந்தா பாரு பழனின்னு. அடுத்த மழைக்கு அவரு இல்ல. அவரு முகங்கூட எனக்கு நெனப்புல இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் பொய்ன்னா அப்புறம் எனக்கு அப்பாவே இல்லைன்னுதான அர்த்தம்?” என்றார். அதன் பிறகு எங்களில் யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பழனி தெரிந்தே ஆகவேண்டும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

யோசனை சொன்னதும் முருகேசன்தான். பழனியில் இருக்கும் தன் மச்சினனிடம் பெரிய கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, காலை வெயிலில் கோயில் மலை உச்சியிலிருந்து எங்கள் பக்கம் திருப்பி ஆட்டச் சொல்வது. சமவெளியில் புழுதி மூட்டம் இருந்தாலும் கண்ணாடி மின்னுவது தெரியாமல் போகாது. மின்னினால் அண்ணன் ஜெயித்தார். மொட்டை போடுகிற ஊரில் சலூன் கண்ணாடிக்கா பஞ்சம்? ஆளுயரக் கண்ணாடியே கிடைத்தது.

குறித்த நாளில் குல்லாமலை குல்லாவைக் கழற்றியிருந்தது. எங்களுக்கே நம்ப முடியவில்லை. இடுக்கும் இருந்தது, அண்ணன் சொன்ன இடத்திலேயே. அதற்கு அப்பால் பழுப்பாக மூட்டம். வெயில் ஏற ஏறக் கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு மினுக்கும் இல்லை. நேரமாகிவிட்டது என்று முருகேசன்தான் மெதுவாகச் சொன்னார். அண்ணன் பையைத் திறந்து எல்லோருக்கும் முட்டை கொடுத்தார். தம் பங்கையும் என்னிடம் நீட்டினார். நான் அதைத் தின்னாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது அவர் ரோட்டு வழியாகவே நடந்தார், ஒரு வளைவைக்கூடத் தாண்டிக் குதிக்காமல். அவரோடு போய் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தது அந்த ஒருநாள்தான். அதைப்போல் வருத்தமான நடை எனக்கு அமைந்ததில்லை.

அடுத்த வாரம் முருகேசன் ஒரு காதுகுத்துக்குப் பழனி போய்விட்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்டோருக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அண்ணே, கண்ணாடி மின்னவே இல்ல. மின்ன முடியாம ஆக்கிட்டாங்க.”

நடந்தது இதுதான். பழனியில் ஒருவன் ஒரு பொருளைத் தலையில் சுமந்து படியேறினால் அது நேர்த்திக்கடன். வேறு காரணம் இருக்கலாம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. மச்சினன் கண்ணாடியோடு கொஞ்ச தூரம் ஏறியதுமே ஒரு பாட்டி நிறுத்தித் திருநீறு பூசியிருக்கிறாள். அடுத்து வந்தவர் சந்தனம் வைத்தார். அதற்கடுத்தவர் குங்குமம். ஒரு குடும்பம் மாலையே சாத்திவிட்டது. பாதி வழியில் பின்னாலிருந்து அரோகரா போட ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

“நான் என்ன மச்சான் செய்வேன்?” என்று மச்சினன் கையைப் பிசைந்தானாம். “இது சாமிக்கில்ல, கொடைக்கானல்ல ஒரு கிறிஸ்தவருக்கு வெளிச்சம் காட்டன்னு சொன்னா அடி விழுமோன்னு பயந்துட்டேன். மேல போய்ப் பாத்தா கண்ணாடியில என் மூஞ்சியே தெரியல. தொடைக்கலாம்னு துண்டை எடுத்தேன், நாலு பேரு சண்டைக்கு வந்துட்டாங்க.”

பெஞ்சமின் அண்ணன் சர்க்கரை மூட்டைமேல் சாய்ந்து சிரித்தார். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, அப்புறமும் சிரித்தார். கண்ணாடியைப் பஞ்சாமிர்தக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க வந்த சலூன்காரரும் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாராம். முருகேசன் நினைத்திருந்தால் இதை மறைத்து ஜெயித்தவராகவே இருந்திருக்கலாம். அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை, அதனால் அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அதன் பிறகு மேகம் வருஷக்கணக்காக விலகவில்லை. அண்ணன் ரிட்டயர் ஆனார். கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. எண்பதுகளில் ஒரு தை மாதம், மழை விட்ட மறுநாள், மூன்று பேருமாக மறுபடி ஏறினோம். இந்தத் தடவை வழிகாட்டியது முருகேசன். அதனால் வழி தவறவில்லை, அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

உச்சிப் பாறைக்கு முதலில் போனவர் முருகேசன். போனவர் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி “அரோகரா!” என்று கத்தினார். பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணன் என் தோளைப் பற்றிக்கொண்டு, “ஸ்தோத்திரம்!” என்றார். நான் எந்தப் பக்கமும் சொல்லத் தெரியாமல் “ஆமா அண்ணே, தெரியுது” என்றேன்.

அவர் இடுக்கின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அவர் கண்ணுக்கு அது எட்டவில்லை என்று. முருகேசன் ஓடி வந்து, “அண்ணே, நான் தோத்துட்டேன். இருக்கு அண்ணே, இருக்கு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“எதுக்கு அழுற? நான்தான் முந்தியே பாத்துட்டேன்ல” என்றார் அண்ணன். பாறைமேல் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “நீங்க சொல்லுங்க தம்பி. முருகேசு பக்தியில கூட்டிச் சொல்லுவான். பக்கத்துல இன்னொரு குன்று தெரியுதா?”

“தெரியுது அண்ணே. இடும்பன் மலை.”

“அப்ப எனக்குப் பேரெல்லாம் தெரியாது. அந்த ரெண்டு குன்றையும் பாத்து, எங்க அப்பாவும் பக்கத்துல நானும் நிக்கிறோம்னு நெனச்சேன்” என்றார். பையைத் திறக்க மறந்தே போனார்.

பின்னால் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் முழங்கால் போய்விட்டது. மனைவி காலமான பின் பெரும்பாறையில் மகள் வீட்டோடு இருந்தார். நான் போகும்போதெல்லாம், காப்பி வருவதற்குள், “அதைச் சொல்லுங்க” என்பார். சொல்வேன். சொல்லச் சொல்ல என் வாயில் காட்சி வளர்ந்தது. கோபுரத்தில் கலசம் வந்தது, படியில் காவடிகள் ஏறின. ஒருமுறை யானையையும் நடக்கவிட்டேன். “அன்னைக்கு யானை இல்லையே” என்று நிறுத்துவார். “அப்பக் கண்ணு தெரியலங்கறதுக்காக ஏமாத்தாதீங்க.” எதை நான் பார்த்தேன், எதைச் சேர்த்தேன் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனிமேல் என்னைத் திருத்த ஆளில்லை. உங்களில் அவரோடு நடந்தவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது அந்தக் காலையை மட்டும். அவர் திருத்தியபடியே சொல்லிவிடுகிறேன். மழையில் கழுவிய வெளிச்சம். இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதன் அடியில் ஒரு துண்டு சமவெளி. அதில் ஒரு குன்று, உச்சியில் வெள்ளையாக ஏதோ ஒன்று. பக்கத்தில் இன்னொரு குன்று. யானை இல்லை.