பிள்ளைக்காக அப்பா எடுத்த விடுப்பு

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மருத்துவமனை அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது, அப்பாவின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த என் தங்கையை. சூடு போய்விட்டது என்றாள். அப்பா சற்று முன்னர்தான் எங்களைப் பிரிந்திருந்தார்கள்.

அப்பா மம்சாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் சேர்ந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், இரண்டு வயதுத் தங்கைக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. மாதக்கணக்கில் கவனமாகப் பார்த்துக்கொண்டால்தான் நடப்பாள் என்றார் மருத்துவர். அம்மாவுக்கு அப்போதுதான் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. நீண்ட விடுப்பு எடுத்தால் அது நிலைக்காது. அப்பா மில்லில் சம்பளமில்லா விடுப்புக் கேட்டார்கள்.

அங்கே ஆண்களுக்கு வயல் அறுப்புக்கும் கோயில் கொடை விழாவுக்கும் விடுப்பு உண்டு. பிள்ளையைப் பார்க்க என்று யாரும் கேட்டதில்லை. அறுப்பு என்றே சொல்லிவிடும்படி உடன் வேலை செய்தவர்கள் யோசனை சொன்னார்கள்.

"அறுப்புன்னா பத்து நாள்ல கூப்பிட்டுருவாக. எலும்பு கூடுறதுக்கு நாள் வேண்டாமா?" என்றார்கள் அப்பா.

மேலாளர் கடைசியில் சம்மதித்தார். ஆனால் மேஸ்திரியாகும் வரிசையில் முதலில் இருந்த அப்பாவின் பெயர் கடைசிக்குப் போகும் என்றார். அப்பா யோசிக்க நேரம் கேட்கவில்லை.

ஒருவர் விடுப்பு எடுத்தால்தான் மில் வாசலில் காத்து நிற்கும் பதிலித் தொழிலாளிக்கு வேலை. அப்பாவின் மெஷினுக்குப் போன பதிலி, வீட்டுக்கே வந்து சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க நல்லாத் தாலாட்டுங்க. அம்புட்டு நாளும் எங்க வீட்ல அடுப்பெரியும்."

"ஏலே, எனக்குப் பாட்டு வராது. நீ வந்து பாடு, நான் மெஷினுக்குப் போறேன்."

ஊரில் எந்த மில்லின் சங்கு ஊதினாலும், படுக்கைப் புண் வராதபடி அப்பா தங்கையைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். கட்டு நனையாமல் உடம்பு துடைப்பார்கள். சமையல் மட்டும் பிடிபடவில்லை. ரசத்தில் உப்பு கூடிவிடும். அம்மாவும் நானும் சோற்றைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். தெருவில் கேலி இருந்தது.

கட்டுப் பிரித்து, தங்கை சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியபின் மில்லுக்குத் திரும்பினார்கள். மேஸ்திரி பதவி வரவில்லை. ஓய்வு பெறும்வரை அதே மெஷின்தான்.

அந்தப் பதிலி பின்னாளில் நிரந்தரமாகி, மேஸ்திரியும் ஆனார். அப்பாவின் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் அவரே. அவருக்கும், மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த உறவினர்களுக்கும், மில் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வீட்டிலிருந்து மயானம் வரை தங்கை நடந்தே வந்தாள்.