எஸ்தர் அக்காவின் வராத வருஷங்கள்

அன்று காலை கடையைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை. கடலூர் பழைய டவுனில் ஜெராக்ஸ் எடுத்து, டைப் அடித்துத் தரும் கடையில் நான் இருக்கிறேன். வந்தவர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை மேசையில் வைத்து, "எங்க அக்காம்மா. கொஞ்சம் பெருசு பண்ணிப் போடணும்" என்றார். போட்டோவில் எஸ்தர் அக்கா இருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு அவரைத் தெரியும் என்றுகூட நான் சொல்லவில்லை. தம்பி சொல்லச் சொல்ல அடித்தேன். தோற்றம், மறைவு என்று தேதிகளைப் போடும் இடத்தில்தான் கை நின்றுவிட்டது.

நம் நாணயச் சேகரிப்பாளர் கூட்டத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டாம் ஞாயிறுகளில் சிதம்பரம் கீழ வீதி மாடியில் கூடுபவர்களில் பெண்கள் இரண்டே பேர், அவரும் நானும். நான் சேர்ப்பது அலுமினியப் பைசாக்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா சேர்த்தது வேறு வகை. அசலான பழைய காசு ஒன்றை எடுத்து, அதன் மேலேயே வேறு அச்சை வைத்து அழுத்தி, அரசாங்கம் எந்நாளும் வெளியிடாத ஓர் ஆண்டைப் பதித்து, யாரோ தனியார் செய்யும் காசுகள். அவற்றை 'வராத வருஷங்கள்' என்று அக்கா சொல்வார். மருந்துக்கடையில் பில் போடுவது அவர் வேலை. "பகலெல்லாம் காலாவதி தேதி பாக்குறேன். வூட்டுக்கு வந்தா வராத தேதி பாக்குறேன். பொழப்பே தேதியாப் போச்சு" என்பார்.

நம்மில் சிலர் அவரை விட்டதில்லை. ஒரு ஞாயிறு அவர் படியேறி வரும்போதே ஒருவர், "இன்னா எஸ்தரு, இந்த மாசம் எந்த வருஷத்தப் பெத்தீங்க?" என்று கேட்டார். அக்கா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "நீங்க பொறந்த வருஷந்தான் மாமா. உங்களப் போலவே மேல புதுசு, உள்ள பழசு" என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. கேட்டவரும் சிரித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விளையாடியதில்லை. ஒவ்வொரு காசின் அட்டையிலும் சிவப்பில் ஒரு வரி இருந்தாக வேண்டும்: 'ஆண்டு கற்பனை. அரசு வெளியிட்டதல்ல.' அந்த அட்டைகளை அடித்துக் கொடுத்தவள் நான். எழுத்து சிறிதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இந்த வரி இருந்தா இது சேகரிப்பு. இல்லன்னா மோசடி. நடுவுல வேற ஒண்ணும் கெடையாதுடி" என்று ஒருமுறை சொன்னார்.

போன வருடம் கடலூர் கல்யாண மண்டபத்தில் நாம் கண்காட்சி வைத்தோம். அக்காவிடம் ஒரு புலி ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் நடக்கும் புலி. அசலில் அந்தக் காசு 1947-இல் மட்டும் வந்தது. அக்காவுடையதில் 1949 என்று இருக்கும். சாய்த்துப் பிடித்தால் ஒன்பதுக்கு அடியில் பழைய ஏழின் கால் மங்கலாகத் தெரியும். அவரிடம் இருந்ததிலேயே அழகானது அதுதான். அதற்குப் புது அட்டை அடிக்கும்போது அந்தச் சிவப்பு வரியை நான் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள், ஒரு நாளாவது கேலி இல்லாமல் அவர் மேசை இருக்கட்டும் என்று நினைத்துத்தான் விட்டேன். காலையில் கூட்டம் நெருக்கியதால் அக்கா அதைக் கவனிக்கவில்லை.

மதியம் மேசையை என்னிடம் விட்டு அவர் சாப்பிடப் போயிருந்தபோது குமரவேல் என்பவர் மேசைக்கு வந்தார். பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், சேகரிப்புக்குப் புதியவர். புலி ரூபாயை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினலா பாப்பா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பேசாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. அவர் சட்டைப்பையிலிருந்து மூன்று வெள்ளி ரூபாய்களை வைத்து, "மாத்திக்கலாமா?" என்றார். அதற்கும் ஆட்டினேன். வெள்ளிக் காசுகளில் வளையம் பற்றவைத்திருந்தது. யாரோ கழுத்தில் போட்டிருந்த மாலையிலிருந்து கழற்றியவை. அக்கா திரும்பி வந்து பார்த்தபோது, குமரவேல் சிவப்பு வரியைப் படித்துத் தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து நம் வாட்ஸ்அப் குழுவில் குமரவேல் அந்தக் காசின் படத்தைப் போட்டார். 'உலகத்தில் ஒன்றே ஒன்று' என்று எழுதியிருந்தார். அதற்கு நாம் என்னென்ன பதில் போட்டோம் என்பதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனமில்லை. அக்கா போனை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். "அட்டையில வரி எங்கடி?" என்றார். நான் அழுதுகொண்டே சொன்னேன். "உன்ன யார்டி எனக்குப் பரிஞ்சிக்கினு வரச் சொன்னது?" என்றார். பிறகு முதலாளியிடம் எனக்கு ஒரு நாள் லீவு கேட்டார்.

மறுநாள் பெண்ணாடம் போனோம். குமரவேல் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. அவர் அம்மாதான் நாற்காலி போட்டார். அந்த அம்மாவின் கையில் அக்கா மூன்று வெள்ளி ரூபாய்களையும் வைத்தார். "காசு கெடக்கட்டும்மா. கோடி ரூபா காசுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். இப்ப வண்டி எடுக்கவே போவ மாட்டேங்கறான்" என்றார் அந்த அம்மா. அக்கா புலி ரூபாயைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, லென்ஸைக் குமரவேலிடம் கொடுத்து, ஒன்பதின் அடியைப் பார்க்கச் சொன்னார். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை. "உள்ள இன்னொரு காசு இருக்குதேக்கா!" என்றார்.

"அது நெசம். மேல இருக்கறது ஆச. புடிச்சிருந்தா நீங்களே வச்சிக்குங்க."

"வச்சிக்கறேன். ஆனா குரூப்புல என்னக் கேனயன்னு பேசறாங்களே, அதுக்கு இன்னா பண்றது?"

சொல்லவேண்டியவள் நான்தான். வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். "தப்பு என்னுது. நான் எழுதிடறேன்" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினார். நீங்கள் எல்லோரும் படித்தது அதுதான்: 'அட்டையில் எழுதவேண்டியதை எழுதாமல் கொடுத்துவிட்டேன். அவர் ஏமாளி அல்ல. சொல்லாமல் விட்டது நான்.'

குமரவேலின் பெயர் அன்றோடு சரியாகிவிட்டது. அக்காவின் பெயர் போயிற்று. அடுத்த கண்காட்சியில் அவருக்கு மேசை தரவில்லை. மாற்றிக்கொள்ள வந்தவர்கள், "எஸ்தர்கிட்ட வாங்குனா நல்லா பாத்துக்க" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மற்றவர்களின் காசுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு மாதமும் முடிவு செய்துகொண்டுதான் அவரோடு பஸ் ஏறுவேன். சிதம்பரம் வரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். கீழ வீதி மாடிப்படியில் கால் வைத்ததும் எல்லாம் போய்விடும். அக்காவுக்கு அது தெரியும். ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "இன்னிக்கி வரலன்னா இன்னொரு நாள் வரும். எனக்கொண்ணும் அவசரமில்ல. முறுக்கு துன்னு" என்றார். அவருக்கு அவசரமில்லை என்றதை நான் நம்பிவிட்டேன்.

அடக்கத்திற்கு நம் கூட்டத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் மற்றவரிடம், "நல்ல பொம்பள, அந்த ஒண்ணுதான் அப்படிப் பண்ணிடுச்சி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போதும் தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

எனவே இதை எழுதினேன். நம் கூட்டத்தின் மலர் இதழில் அச்சாவதற்கு முன்னால் வரும் ஞாயிறு மாடியில் நானே நின்று படிக்கிறேன் என்று செயலாளர் ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் நின்றுவிட்டால் காத்திருங்கள். அக்காவின் காசுகளில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் தம்பி பெட்டியைத் திறந்து வைத்தார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது பெண்ணாடத்தில் அவர் எனக்காக வாங்கிக்கொண்ட பழியை மட்டும். அது என்னுடையது.