சத்தமில்லாத டொட்ஜ்

அநுராதபுரச் சந்தியில் இறங்கி இரத்தினம் பாஸின் கராஜ் எங்கே என்று கேட்டால், கச்சான் கடலை விற்கிறவர்கூடக் கை காட்டுவார். நான்தான் அந்த இரத்தினம் பாஸ். ஐந்தாம் வகுப்பு முடிக்கவில்லை. லொறிக்கு அடியில் படுத்துப் படித்த படிப்புத்தான் எல்லாம். இன்று எனக்கு இரண்டு லிஃப்ட் போட்ட கராஜ் இருக்கிறது, மேல்மாடி வீடு இருக்கிறது. என்னைப் பற்றி எழுதப் போனால் தனிப் புத்தகம் வேண்டும். அதனால் அதை விடுகிறேன். இது கிண்ணியா ஸைனுலாப்தீன் நானாவின் கதை.

போன வருடம் மாரி தொடங்குகிற நேரம், நானா கராஜ் வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கதிரையைப் போட்டு இருத்தினேன். தேத்தண்ணீர் வந்தது, குடிக்கவில்லை.

"பாஸ், குல்சும் என்னை ஆரெண்டு கேக்கிறா."

உம்மு குல்சும் அவருடைய மனைவி. பாரிசவாதம் வந்து எழும்பியதில் இருந்து ஞாபகம் தட்டுத்தடுமாறுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு என்று நினைக்கவில்லை.

"நேத்து லுஹர் தொழுதிட்டு வீட்டுக்குப் போறன், கேற்றுக்குள்ள நிண்டு சொல்றா, வீட்டில ஆம்புள இல்ல, அவர் வந்த பொறகு வாங்க எண்டு. என்ட வீட்டு வாசல்ல நான் நிக்கிறன், பாஸ்." தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசருக்குப் பொறகு கேற்றடிக்கு வந்து நிக்கிறா. என்னெண்டு கேட்டா, அவர்ட காரு வார நேரம் எண்டு சொல்றா. அந்தக் காரை ஓட வெச்சுத் தாங்க. அதில போய் இறங்கினா என்னைத் தெரியும்."

அந்தக் கார் என்றால் டொட்ஜ். எட்டுச் சிலிண்டர் அமெரிக்கன் கார், முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். டவுனில் கப்பல் ஏஜென்டாக இருந்த ஒரு துரை வைத்திருந்தார். நானா அவரிடம் கார் கழுவப் போனவர்; கழுவிக் கழுவியே சாரதியானார். துரை நாட்டை விட்டுப் போகும்போது அதை இவருடைய கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது கிண்ணியாவில் வாடகைக்கு ஓடுகிற ஹயர் கார். பிள்ளை பெறப் போகிறவள், பாம்பு கடித்தவன், மக்காவுக்குப் போகிறவர் எல்லோரும் அதில்தான் போனார்கள். சண்டைக் காலத்தில் வேறு வண்டி அசையாத நாட்களிலும் அது அசைந்தது. தூரத்தில் உறுமல் கேட்டாலே சென்றிப் பொயின்றில் நிற்கிற ஆமிக்காரர்கள் குறுக்குத்தடியை உயர்த்திவிடுவார்களாம்.

கிண்ணியாவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஊர் மாப்பிள்ளைகளையெல்லாம் பூ கட்டிக் கொண்டுபோய் இறக்கிய டொட்ஜில் நானாவும் மாப்பிள்ளையாகப் போனார். அந்த ஸ்டேரிங்கை வேறு ஒருவரிடமும் கொடுக்க மனமில்லாமல், மாலையோடு தானே ஓட்டிக்கொண்டு போனாராம். "மாப்பிள்ளையும் வந்திட்டாரு, டைவரும் வந்திட்டாரு, ஒராளுக்குச் சோறு மிச்சம்" என்று பெண் வீட்டார் பகிடி பண்ணியிருக்கிறார்கள்.

சுனாமி அன்று கடல் அந்தக் காரை மூடிவிட்டுப் போனது. பிறகு அது ஓடவேயில்லை. வேப்பமரத்தின் கீழ் படங்கு போர்த்து நிறுத்தியிருந்தார். முச்சக்கர வண்டி ஓட்டித்தான் மகள் பஸ்மியாவைக் கரைசேர்த்தார்.

காரை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். சேஸி நல்லது. அந்தக் கால அமெரிக்க இரும்பு அப்படி. இஞ்சின்தான் போய்விட்டது. டீசல் ஊற்றி ஊறவைத்தேன், மரக்கட்டையால் தட்டினேன், பிஸ்டன் அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் உப்புத்தண்ணீர் இஞ்சின் புளொக்கையே அரித்து வெடிக்க வைத்திருந்தது.

"நானா, காரை ஓட வைக்கலாம். இந்த இஞ்சினால ஏலாது. ஜப்பான் இஞ்சின் ஒண்டு இறக்குவம்."

"ஓடினாக் காணும், பாஸ். அந்த இரும்ப ஆருக்கும் குடுத்திடுங்க. காரு மட்டும் பழைய மாதிரியே இருக்கணும். அதே கடல்பச்சை நிறம், அதே நிக்கல் பம்பர், அதே சீற்."

பழைய இரும்புக்காரன் அந்த எட்டுச் சிலிண்டரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனான்.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அடிபட்ட டொயோட்டா ஒன்றில் இருந்து ஆறு சிலிண்டர் இஞ்சினும் கியர் பெட்டியும் வாங்கினேன். டொட்ஜின் வயிற்றுக்குள் அது உட்கார மவுண்டிங் இரண்டையும் நானே வெட்டி ஒட்டினேன். ஷாஃப்டைக் கடைச்சல் பட்டறையில் குறுக்கினேன். கம்பியூட்டர் பெட்டியைத் தண்ணீர் படாத இடத்தில், டாஷ்போர்டுக்குள் ஒளித்தேன். வெளியே இருந்து பார்த்தால் அந்தத் துரை வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நிறத்துக்காக நானா பழைய கதவின் உள்மடிப்பில் இருந்து பெயின்ற் சுரண்டி எடுத்துத் தந்தார். ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து பம்பரைத் தன் கையால் தேய்த்தார்.

முடித்த அன்று ஸ்டார்ட் செய்து, ரேடியேற்றர் மூடிக்கு மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தேன். தண்ணீர் ஆடவில்லை. சத்தமே இல்லை. "எப்பிடி நானா?" என்றேன். நானா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். எத்தனையோ பேர் என் வேலையைப் புகழ்ந்திருக்கிறார்கள், அப்படி ஒருவரும் புகழ்ந்ததில்லை.

அன்றே கிண்ணியாவுக்குப் போனோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். நானாவுக்கு வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசம். பாலம் தாண்டும்போது ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

அசர் தொழுகை முடிந்த நேரம். குல்சும் கேற்றுக்குள்ளே காத்துக்கொண்டு நின்றார். காரை அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். பஸ்மியா ஓடி வந்து கேற்றைத் திறந்தாள்.

"உம்மா, இஞ்ச பாருங்க, ஆர் வந்திருக்கிறாரு?"

குல்சும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு காரைப் பார்த்தார். நிறத்தைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், இறங்கி நின்ற மனிதரையும் பார்த்தார்.

"ஆருட காரு, மகள்?"

"நம்மட டொட்ஜ் உம்மா!"

"சும்மா இரி. எங்கட காரு வந்தா எனக்குத் தெரியாதா? பாதையால ஏறக்குள்ளேயே குசினியில கோப்பையெல்லாம் அதிரும். இது பூனை மாதிரி வந்து நிக்குது."

இப்போது பாலம் இருக்கிற இடத்தில் முன்பு ஒரு மிதவைதான் வாகனங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோனது. ஊரில் அதைப் பாதை என்போம். நானா கடைசிப் பாதையில் வந்து, துறைமேட்டில் இரண்டாம் கியரில் ஏறும்போது எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து கத்தும். அதைக் கேட்டுத்தான் குல்சும் அடுப்பில் கேத்தலை வைப்பார். அந்த நாளில் அவர்களுடைய வளவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கிடுகுவேலி. பெண்கள் தெருவில் வந்து நிற்கிற வழக்கமில்லை. கல்யாணத்தன்றுகூட அறைக்குள்ளே இருந்தவரின் காதுக்கு முதலில் வந்தது அந்த உறுமல்தான். மாப்பிள்ளையின் முகம் பிறகுதான் வந்தது. வேலிக்குள்ளே இருந்த மனிசிக்குக் கார் என்றால் பச்சை நிறமோ நிக்கல் பம்பரோ இல்லை. நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் மாதக்கணக்காகக் காருக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் விட்டுவிடுகிற ஆள் இல்லை. என் கராஜில் முடித்து அனுப்பிய வண்டி திரும்பி வந்த சரித்திரம் கிடையாது. இதை நானே திருப்பிக் கொண்டுவந்தேன். சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டேன். சத்தம் வந்தது, பொல்லாத சத்தம். கேற்றடியில் நானா அக்சிலேற்றரை மிதித்தபோது குல்சும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், திரும்பவும் சுடத் தொடங்கிட்டானுகளா" என்று அறைக்குள் ஓடிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். நானா இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார்.

"பழைய மாதிரி மாத்துங்க, பாஸ். அவ பயப்படுறா."

சைலன்சரைத் திரும்பப் பூட்டினேன். பூட்டியதைச் சரிபார்க்க அடுத்த கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். நானும் நானாவும் காருக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. குல்சும் ஏறி உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அந்தக் காரில் முன்சீற் அவருடையது. நானா கண்ணாடியில் பார்த்தார்.

"தம்பி, இது ஹயர் காருதானே? துறையடிக்குப் போகணும். எங்கட அவர் இன்னும் வரல்ல."

நானா மெதுவாகக் காரை எடுத்தார். டொயோட்டா இஞ்சின் எண்ணெய் போல ஓடியது.

"உங்களுக்கு ஊரு எது?" குல்சும் கேட்டார்.

"கிண்ணியாதான்."

"ஆர்ட மகன்?"

"ஆதம்பாவாட மகன்."

"அப்ப எங்கட அவருக்குச் சொந்தமாத்தான் இருக்கும். அவரும் ஆதம்பாவாட மகன்தான். நீங்க அவரைக் கண்டா சொல்லுங்க, குல்சும் பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு."

"சொல்றன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாலத்தின் பக்கத்தில், பழைய துறை இருந்த இடத்தில் நிறுத்தினார். மேலே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. குல்சும் பாலத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். காதை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"பாதை அக்கரையில நிக்குது போல."

"ஓம் புள்ள," என்றார் நானா. "வரும்."

மஃரிபு தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் குல்சுமே, "போவம் தம்பி, இருட்டுது. நாளைக்கும் கூட்டிப் போவீங்களா?" என்றார்.

அன்றிலிருந்து அசருக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இந்தப் பயணம்தான். குல்சுமுக்கு இப்போது அந்த டைவரைப் பிடித்துப் போய்விட்டது. மரியாதையான ஆள், அதிகம் கதைக்காத ஆள் என்று பஸ்மியாவிடம் சொல்கிறாராம். கேற்றில் வைத்துத் திருப்பி அனுப்புவதில்லை. கூலியாகப் பால் விடாத பிளேன்ரி ஒன்று ஊற்றிக் கேற்றடியிலேயே கொடுக்கிறார். நானா நின்றபடி குடித்துவிட்டு, குல்சும் உள்ளே போய்ப் படுக்கும்வரை பள்ளிவாசலில் இருந்துவிட்டு, பிறகுதான் தன் வீட்டுக்குப் போகிறார்.

காரை நான்தான் சேர்விஸ் பண்ணுகிறேன். வேறு ஒருவரையும் கை வைக்க விடுவதில்லை. போன மாதமும் மூடிக்கு மேல் கிளாஸை வைத்துப் பார்த்தேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் ஆடவேயில்லை.