தோற்ற வக்கீலின் பத்தி

பதினான்கு வருடம் தாம்பரம் கோர்ட்டில் கத்திவிட்டு, முப்பத்தொன்பது வயதில் எல்.எல்.எம். சேர்ந்தேன். பெயருக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்து இருந்தால் கட்சிக்காரர்கள் ஃபீஸில் பேரம் பேச மாட்டார்கள் என்ற நப்பாசைதான். அறிவுத் தாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் தொழிலில் ஆராய்ச்சி ரொம்பச் சின்ன வேலை. செல்போனில் இரண்டு வார்த்தை தட்டுவோம். வருகிற தீர்ப்பில் நமக்குச் சாதகமான பத்தியை வெட்டி மனுவில் ஒட்டுவோம். முன்னும் பின்னும் படிக்க யாருக்கு நேரம்? தடித்த எழுத்தில் போட்டு, குரலைக் கொஞ்சம் ஏற்றினால் முடிந்தது. ஆய்வேட்டையும் அந்த லட்சணத்தில்தான் எழுதினேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களுக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டுமா என்பது தலைப்பு. தலைப்பைக் கொடுத்தவரே என் கட்சிக்காரர்தான். பம்மலில் தோல் கையுறைக்குத் துண்டு வெட்டிக் கொடுக்கும் ஓர் அக்கா. முதலாளி கொடுத்த வெட்டு மிஷின் அவர் வீட்டிலேயே இருந்தது. அதில் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. உன் வீட்டில் நடந்ததற்கு நானா பொறுப்பு என்று முதலாளி கழன்றுகொண்டார். தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணை முடிந்து, வழக்கு உத்தரவுக்குக் காத்திருந்தது.

என் கைடு என்னைவிடப் பத்து வயது சின்னவர். சார், சார் என்று மரியாதையாகக் கூப்பிட்டே மானத்தை வாங்குவார். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு பத்தியை நம்பி நின்றது: மிஷினை வீட்டுக்கு அனுப்பிய முதலாளிக்கு அந்த வீடும் பட்டறைதான் என்று வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பில் அமர்க்களமாக இருந்த பத்தி. அதன் மேல் பேனாவை வைத்தார்.

"இதை யார் சொன்னது, சார்?"

நீதிபதி என்றேன். முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டார். படித்தேன் என்றேன். தொழில் பழக்கம், பொய் தானாக வந்துவிடுகிறது. அவர் காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பொழிச்சலூர் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த அறுபது பக்கத் தீர்ப்பைப் பிரித்தேன். என் பத்திக்கு நாலு பக்கம் முன்னால், தொழிலாளி தரப்பு வக்கீலின் வாதம் என்று போட்டிருந்தது. அட கஷ்டகாலமே! வாதத்தை நீதிபதி பெருந்தன்மையாகப் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஏற்க இயலாது என்று ஒரே வரியில் ஊத்தி மூடியிருந்தார். தோற்ற வக்கீல் பேசியதை நான் நீதிபதி தலையில் கட்டியிருக்கிறேன். அத்தியாயம் நாசம், போகட்டும். அதே பத்தியைத்தான் அக்காவின் எழுத்துபூர்வ வாதத்திலும் ஒட்டியிருந்தேன்.

கோர்ட்டில் பக்கத்து மேசை நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். எதிர்த்தரப்பும் படிக்கவில்லை, அதிகாரியும் படிக்கப்போவதில்லை, நீ மட்டும் எதுக்கு மச்சான் படிச்சே என்றார். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆனால் அதிகாரி தப்பித் தவறிப் படித்துவிட்டால், அக்கா சொன்ன உண்மையையும் சேர்த்தல்லவா சந்தேகப்படுவார்? அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுவதாக ஒரு மெமோ தயாரித்துக்கொண்டு, தாக்கல் செய்வதற்கு முன் பம்மலுக்குப் போனேன்.

அக்கா இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ என் கேஸு பூட்ச்சா சார்?"

இல்லை, மிஷின் ரசீது முதலாளி பெயரில் இருக்கிறது, அதை வைத்து நிற்கலாம், ஆனால் கஷ்டம் என்றேன். படித்த ஆள் என்றுதானே உன்னிடம் வந்தேன் என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். அப்புறம் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வக்கீலு தோத்தாரு, சரி. அவராண்ட கேஸு குடுத்தவளுக்கு எத்தினி விரலு போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அதெல்லாம் தீர்ப்பின் முதல் இரண்டு பக்கத்தில் இருக்கும். அதில் சட்டம் ஒன்றும் இருக்காது என்று, பஸ்ஸில் மூன்றாம் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்திருந்தேன்.