மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த கூலர்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணமாகி மாமனாரின் ஒர்க்‌ஷாப்பில் காலடி வைத்த நாளிலிருந்து அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மாமனாருக்கும் மாப்பிள்ளை, வேலையாட்களுக்கும் மாப்பிள்ளை. மரியாதையான சொல்தான், அதைச் சொல்லிச் சொல்லியே மனிதர் வருஷக்கணக்காக வேலை வாங்கிவிட்டார். குடியிருப்பும் ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியிலேயே. கீழே ஸ்பானர் விழுந்தால் படுக்கையறையில் கேட்கும்.

மாமனாரின் உயிர் ஒரு பிக்கப் வண்டியில் இருந்தது. அதை உயர்த்தி, இடுப்பளவு டயர் மாட்டி, முன்னால் வண்டியை இழுக்கும் வின்ச்சும் வரிசையாக விளக்குகளும் வைத்து, விடுமுறை நாட்களில் சிநேகிதர்களோடு பாறை மலை ஏறப் போவார். ஏறுவார் என்பது பேச்சுக்கு. பாதி வழியில் கியர்பாக்ஸ் ஆயில் கொதித்து, கருகல் நாற்றத்தோடு வண்டி நின்றுவிடும். சிநேகிதர்கள் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். மானம் கப்பலேறும்.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் மகளை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார்.

"வண்டி ஒரு தடவை சூடாகாம உச்சிக்குப் போகட்டும் மாப்பிள்ளை. மறுநாளே நீங்க தனிக் கடை போடுங்க. நானே வந்து திறந்து வைக்கிறேன்."

மகள் அதற்காகவே காத்திருந்தவள். ஊர்க்கோடியில் ஒரு ஷெட்டும் அதன் பின்னால் இரண்டு அறைகளும் பார்த்து, சொந்தக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். இனி எல்லாம் கியர்பாக்ஸ் ஆயிலை ஆறவைக்கும் ஒரு கூலரின் கையில்.

மாமனாருக்கு எதிலும் பெரிதுதான் வேண்டும். "இருக்கிறதுலயே பெரிய கூலரா வாங்கி முன்னாடி மாட்டிடுங்க. பாக்கிறவனுக்கும் தெரியணும்ல?"

"முன்னாடி காத்து வராது மாமா. வின்ச்சும் விளக்கும் அடைச்சுக்கிட்டு நிக்குது. பாறையில வண்டி ஆள் நடக்கிற வேகத்துல போறப்ப காத்து எங்கிருந்து வரும்?"

"அப்ப எங்க மாட்டறது? என் தலையிலயா?"

"கேபினுக்குப் பின்னாடி. தனி ஃபேனோட. சூடு ஏறினா அதுவே ஓடும்."

முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மெல்லிய தகடுகளை அடுக்கிய, நடுத்தர அளவுக் கூலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஆயில் குழாய்களைப் புகைக்குழாயின் பக்கமே போகாமல் சுற்றிக் கொண்டுபோனான்.

மலையில் அவன் முன்சீட்டில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆயில் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்தான். பின்சீட்டிலிருந்து மனைவியும் அதையே எட்டிப் பார்த்தாள். வழக்கமாக நின்றுபோகும் வளைவில் முள் மெல்ல ஏறியது. முதுகுக்குப் பின்னால் ஃபேன் சுழலத் தொடங்கியது. முள் அங்கேயே நின்றது. வண்டி உச்சிக்குப் போய்விட்டது.

மாமனார் இறங்கி அவனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே வந்த சிநேகிதர்கள் கூலரை மொய்த்தார்கள். அவர்களில் மரக்கடைக்காரர் கேட்டார்: "என் வண்டிக்கு எது சரியா வரும் மாப்பிள்ளை?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "டயர் என்ன சைஸ் போட்டிருக்கீங்க?" என்று கேட்டவன், பதில் வருமுன் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துவிட்டான்.

வெளியே வந்தபோது மாமனார் எல்லோருக்கும் முறை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "முதல்ல மரக்கடை, அப்புறம் டாக்டர். என் மாப்பிள்ளை இருக்கிறப்ப உங்களுக்கு என்ன கவலை?"

"மாமா... கடை விஷயம்..."

"யாரு வேணாங்கிறா? இத்தனை பேரு உங்களை நம்பி வந்திருக்காங்க. இவங்களை முடிச்சுட்டுப் போடலாம்." தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கையில் இருந்தது கலப்படமில்லாத பாசம். அதனால் கோபப்படவும் வழியில்லை.

மனைவியிடம் போய் நின்றான். "பாத்தியா உங்கப்பாவை?"

"அப்பாவை ஏன் சொல்றீங்க? டயர் சைஸ் கேட்டது நீங்கதானே?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வண்டிக்கு அடியில் படுத்து, குழாய் போகும் வழியை விரலால் தடவிப் பார்த்தபோது, அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.